சுரைக்கொடிக்குத் தையல்

சுரைக்கொடியை ஊசி நூலால் தைக்க முடியாது என்பது மூன்றாவது தையல் போடும்போதே தையல்காரருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் கை நிற்கவில்லை. கிழிந்த எதையும் அப்படியே விட்டுப் பழகாத கை அது. பச்சை நூல் கோத்து, ஓட்டுத்தையல் போட்டு, அதன்மேல் சங்கிலித்தையல் போட்டு, முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்துத் துப்பினார். பார்வைக்குக் கொடி ஒட்டிக்கொண்ட மாதிரிதான் இருந்தது.

"என்னங்க பண்றீங்க அங்க?" மாடிப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல. சின்ன ஆல்ட்ரேஷன்."

மனைவி ஓட்டமாக மேலே வந்தாள். கொடியைப் பார்த்தாள். ஊசியைப் பார்த்தாள். "அடப்பாவி மனுஷா! இன்னும் அக்கா ஊர் போய்ச் சேரல. அதுக்குள்ளயா?"

அது மனைவியின் அக்கா வீட்டு மொட்டை மாடி. அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டிலும் உறவிலும் எல்லாருக்கும் அவர் டீச்சர்தான். மாடி முழுக்கத் தொட்டிகள். தக்காளி, கத்தரி, வெண்டை, வெள்ளரி, பந்தலில் சுரை, ஓரமாகத் துணித் தொட்டிலில் படுத்திருந்த ஒற்றை முலாம்பழம். கோடை வந்துவிட்டால் டீச்சருக்கு உலகமே இந்த மாடிதான். இந்தக் கோடையில் மகளுக்குப் பிரசவ நேரம், போயே ஆக வேண்டும். பத்துப் பதினைந்து நாள் தோட்டத்தை யாரிடம் விடுவது என்று வீட்டில் பெரிய பேச்சு நடந்து, கடைசியில் சாவி தையல்காரர் கைக்கு வந்திருந்தது.

வந்ததுதான் அதிசயம். மாமியார் வீட்டு ஆட்கள் அவரை 'கைராசிக்காரர்' என்று கூப்பிடுவார்கள். மரியாதைக்காக அல்ல. தண்ணீரே கேட்காத கள்ளிச்செடி அவர் கடையில் ஒரே மாதத்தில் பட்டுப்போனது. கல்யாண நாளுக்கு யாரோ கொடுத்த மீன் தொட்டி ஒரு வாரத்தில் வெறும் தொட்டியாக நின்றது. கடை வாசலில் மாட்டிய பிளாஸ்டிக் கொடிகூட வெளுத்துப் பொடிப் பொடியாக உதிர்ந்தது. அப்படிப்பட்டவரைத்தான் பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும் என்று டீச்சரின் கணவர், அதாவது தையல்காரரின் சகலை, பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்.

"எனக்குத் துளிகூட இஷ்டமில்ல தம்பி," என்று டீச்சர் முகத்துக்கு நேராகவே சொன்னார். "இவருதான் நீங்கதான் பொருத்தம்னு நிக்கிறாரு. இவரு பேச்சுக்காகத்தான் ஒத்துக்கிறேன். இந்தச் செடிங்கள்ல பாதி இவரு கைப்பட வளத்தது. விடியும்போதே பிரஷ்ஷும் கையுமா மேல வந்து பூவுக்குப் பூ மகரந்தம் தடவுவாரு. இவரு இல்லன்னா ஒரு சுரைக்கா காய்க்காது."

சகலை தபால் ஆபீஸில் முத்திரை குத்துபவர். வாய் அதிர்ந்து பேசாதவர். தையல்காரரின் தோளைத் தட்டி, "எனக்கு நம்பிக்கை இருக்கு," என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் தையல்காரர் உருகிப்போனார். இத்தனை வருஷத்தில் அந்தக் குடும்பத்தில் ஒருவர்கூட அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. இந்தத் தோட்டம் பிழைத்துவிட்டால் கைராசிக்காரர் என்ற பெயர் தொலையும், பிழைக்காவிட்டால் பேரன் பேத்தி எடுத்த பிறகும் தொலையாது என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

அதனால்தான் முறையாக ஆரம்பித்தார். அளவெடுக்காமல் எந்தப் பொறுப்பையும் அவர் ஏற்பதில்லை. கார் தெருமுனை திரும்பியதும் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து, ஒவ்வொரு செடிக்கும் உயரம், இடுப்பு, கை நீளம் எடுத்துக் கைப்பிடிச் சுவரில் சாக்கட்டியால் எழுதினார். பின்னால் சுருங்கிவிட்டது என்று யாரும் சொல்லக் கூடாது பாருங்கள். சுரைக்குக் கை நீளம் எடுக்கும்போதுதான் டேப்பின் தகரமுனை கொடியில் மாட்டிக்கொண்டது. ஒரு சுண்டு சுண்டினார். டேப் வந்தது. கொடியும் வந்தது.

சாயங்காலத்துக்குள் தைத்த கொடி தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. ஆறு மணிக்கு டீச்சர் வீடியோ காலில் வந்தார். மனைவி கத்தரிச் செடிகளை மட்டும் சுற்றிச் சுற்றிக் காட்டிச் சமாளித்தாள்.

சற்று நேரத்தில் போன் மறுபடியும் அடித்தது. சகலை. குரல் தணிந்திருந்தது.

"சகலை, எனக்கு மனசே கேக்கல. உண்மையைச் சொல்லுங்க. ஏதாவது வாடியிருக்கா?"

இவ்வளவு பாசம் வைத்திருக்கும் மனிதரிடம் எப்படிச் சொல்வது? "சுரை மட்டும் கொஞ்சம் சோர்வா இருக்கு."

"அப்படியா!" சகலையின் குரல் நடுங்கியது. "ஒண்ணும் பயப்படாதீங்க. தண்ணி பத்தல. கிளம்பும்போது ட்யூபை எல்லாத் தொட்டிக்கும் நடுவுல போட்டு, குழாயைத் திறந்து விட்டுட்டுப் போயிடுங்க. காலைல வந்து மூடினாப் போதும்."

"அவ்வளவு தண்ணியா?"

"கோடை இல்லையா? குடிக்கட்டும், பாவம்."

மறுநாள் காலையில் தையல்காரர் மாடிக் கதவைத் திறந்ததும் தண்ணீர் அவரை வரவேற்கப் படியிறங்கி வந்தது. அதில் ஒரு வெள்ளரிக்காய் மிதந்து வந்து அவர் செருப்பில் முட்டி நின்றது. தக்காளிகள் தொட்டிக்குள் கழுத்தளவு தண்ணீரில் நின்றன. இரண்டு நாளில் இலையெல்லாம் மஞ்சள்.

"சாகக் கிடக்குதுங்க," என்றாள் மனைவி. "அக்காகிட்ட சொல்லிடலாமா?"

"வேணாம். சகலைகிட்ட கேக்குறேன். அவருக்குத் தெரியாத வைத்தியமா?"

சகலை நிதானமாகக் கேட்டுக்கொண்டார். "மஞ்சள் வந்துருச்சா? நல்லா மஞ்சளா, லேசாவா?"

"நல்லாவே வந்துருச்சு சகலை."

"சரி சரி, விடுங்க. அது சத்துக் குறைவு. படிக்குக் கீழ உர மூட்டை இருக்கு. ஒரு செடிக்கு ஒரு ஸ்பூன்னு அதுல போட்டிருப்பான். அதையெல்லாம் நம்பாதீங்க, கஞ்சப் பயலுங்க. ரெண்டு கையாலயும் அள்ளிப் போடுங்க. அப்புறம் மேல கட்டியிருக்கிற பச்சை வலையை அவுத்துடுங்க. வெயில் பட்டாத்தான் உடம்பு தேறும்."

தையல்காரர் அள்ளிப் போட்டார். வலையையும் அவிழ்த்து மடித்து வைத்தார். மறுநாள் மதியம் பார்த்தபோது, இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு மறந்த சட்டை மாதிரி ஒவ்வொரு இலையும் கருகியிருந்தது. அதற்கு அடுத்த நாள் இலையே இல்லை. தொட்டிலில் இருந்த முலாம்பழம் முகம் சுருங்கிக் காற்றுப் போன பந்தாகிவிட்டது.

தையல்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். அழுகை வந்தது. "நம்ம கை இல்லம்மா இது. எமன் கை."

மனைவிக்குக் கோபம் போய் இரக்கம் வந்துவிட்டது. "உக்காந்து புலம்பினா ஆகுமா? மெயின் ரோட்டுல நர்சரி இருக்கு. எந்திரிங்க. அக்கா சாயங்காலம் கூப்பிடுவா."

நர்சரிக்காரர் ஆஜானுபாகு. இரண்டு பேர் உட்காரும் பெஞ்சில் அவர் ஒருவர் உட்கார்ந்தால் பெஞ்சு நிறைந்துவிடும். தையல்காரர் சுவரிலிருந்து எழுதிக்கொண்டு வந்த சிகரெட் அட்டையைப் பார்த்துப் படித்தார்.

"தக்காளி, உயரம் முப்பத்தாறு, இடுப்பு ஒண்ணேகால், முழுக்கை. கத்தரி, உயரம் இருபத்தெட்டு, அரைக்கை. சுரைக்கு இன்சீம், அதான் உள்கால் அளவு, ரொம்ப நீளம்."

நர்சரிக்காரர் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தார். "சார், செடி வாங்க வந்தீங்களா, செடிக்குச் சட்டை தைக்க வந்தீங்களா?"

"அளவு மாறாம வேணும்ங்க."

"கத்தரி கொஞ்சம் அகலமாத்தான் இருக்கு. பரவாயில்லையா?"

"அத நான் இடுப்புல பிடிச்சுக்குவேன்."

தையல்காரர் என்று தெரிந்ததும் நர்சரிக்காரரின் முகம் மலர்ந்தது. எந்தக் கடையிலும் அவர் இடுப்புக்குப் பேண்ட் கிடைப்பதில்லையாம். துணி எடுத்துத் தருகிறேன், தைத்துக் கொடுங்கள், செடிகளை அள்ளிக்கொண்டு போங்கள் என்றார். அங்கேயே அளவெடுத்தார்கள். டேப் எட்டவில்லை. பின்பக்கம் சாக்கட்டியால் கோடு போட்டு, அங்கிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

புதுச் செடிகள் மாடியில் வரிசையாக நின்றபோது பார்க்க நன்றாகவே இருந்தது. ஒரே ஒரு குறை. காய் இல்லை.

"அக்காவுக்கு எந்தச் செடில எத்தனை காய்னு மனப்பாடம்," என்றாள் மனைவி. "கணக்கு டீச்சர்ங்க அவ."

"பட்டன் இல்லாத சட்டை, அவ்வளவுதானே? தைச்சுட்டாப் போச்சு."

மனைவி மார்க்கெட்டுக்குப் போய்த் தக்காளியும் கத்தரியும் வெண்டையும் வெள்ளரியும் ஒரு முலாம்பழமும் வாங்கி வந்தாள். தையல்காரர் ஒவ்வொரு காம்பையும் கிளையோடு சேர்த்துப் பச்சை நூலால் சுற்றி, பட்டனுக்கு அடியில் கட்டுவதைப் போல இறுக்கிக் கட்டினார். பத்து விரலும் வலித்தன. முலாம்பழத்தில் பழக்கடை ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. உரித்தால் தோல் பிய்ந்து வந்தது. அதன்மேல் காலரில் வைக்கும் தன் கடை லேபிளை ஒட்டி மறைத்தார்.

ஆறு மணி. டீச்சர் திரையில் வந்தார்.

"தக்காளியக் காட்டு. அட! என்னடி இது, நான் கிளம்பும்போது எல்லாம் பச்சைக் காயா இருந்துச்சே?"

"வெயில் அண்ணி," என்றார் தையல்காரர் பின்னாலிருந்து. "நேரா மேல விழுது."

"அதுக்குள்ளயா எல்லாம் பழுக்கும்? சரி, முலாம்பழம்? அது என்ன அதுமேல துணி?"

"லேபிள் அண்ணி. அடையாளத்துக்கு. யாராவது எடுத்துட்டுப் போயிட்டா நம்ம பழம்னு நிரூபிக்கணும்ல?"

டீச்சர் தலையாட்டினார். "நல்ல யோசனைதான். அப்ப மத்ததுக்கு ஏன் வைக்கல? அதெல்லாம் திருட்டுப் போகாதா?"

அன்று தையல்காரர் தன் கடையின் மொத்த லேபிளையும் மாடிக்குக் கொண்டுவந்தார். வெண்டைக்காய்கூட விடுபடவில்லை. ஒரு கத்தரிக்காயில் அவசரத்தில் 'உலர்சலவை மட்டும்' என்ற துண்டையும் சேர்த்து ஒட்டிவிட்டார்.

அதற்கு முன்பே, டீச்சர் போனை வைத்த கையோடு, சகலை கூப்பிட்டுவிட்டார். "சகலை, பின்னால நின்னு நானும் பாத்தேன். எல்லாம் பச்சைப் பசேல்னு இருக்கே?" குரல் ஒருமாதிரி கம்மியிருந்தது.

"எல்லாம் உங்க வைத்தியம் சகலை!" தையல்காரருக்குப் பொய் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த நல்ல மனிதரின் மனதை உடைக்க அதைவிட வெட்கமாக இருந்தது.

"உரம் அள்ளித்தானே போட்டீங்க?"

"ரெண்டு கையாலயும்."

"வலையை அவுத்தீங்க?"

"மடிச்சே வச்சுட்டேன்."

மறுமுனையில் வெகுநேரம் பேச்சே இல்லை. சந்தோஷத்தில் மனிதருக்குப் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று தையல்காரர் நினைத்தார். பிறகு சகலை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அப்ப ஒரே ஒரு வேலைதான் பாக்கி. கவாத்து. நல்லா இருக்கும்போதே வெட்டி விடணும். அப்பத்தான் ரெண்டு பங்கா துளிர்க்கும். உங்களுக்குக் கத்தரி பிடிக்க நான் சொல்லியா தரணும்?"

"எவ்வளவு வெட்டணும்?"

"ஒரு சாண் விட்டுட்டு மிச்சத்தை எடுத்துடுங்க. தயங்காதீங்க. தயங்கினா செடிக்கு வலிக்கும்."

கத்தரிக்கோல் என்றதும் தையல்காரருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. இத்தனை நாள் பழக்கமில்லாத வேலையில் தடுமாறியவருக்கு இப்போதுதான் சொந்தத் தொழில் கிடைத்தது. பெரிய கத்தரியைக் கல்லில் தீட்டிக்கொண்டு வந்தார். ஒரு சாண் அளந்து, சாக்கட்டியால் தண்டில் கோடு கிழித்து, கறக் கறக் என்று ஒரே நேர்கோட்டில் வெட்டிக்கொண்டே போனார். தையல் வகுப்பில் காட்டக்கூடிய கட்டிங். மனைவி துணி துவைத்துவிட்டு மேலே வந்து பார்த்தபோது மாடியில் குச்சிகள் மட்டும் நின்றன.

"என்னங்க இது?"

"கவாத்து. சகலை சொன்னாரு. ரெண்டு பங்கா துளிர்க்குமாம்."

"எப்ப?"

அதை அவர் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த நேரம் பார்த்துக் கீழே மனைவியின் போன் அடித்தது. டீச்சர். பேத்தி பிறந்து, தாயும் பிள்ளையும் சுகமாக வீட்டுக்கு வந்தாயிற்றாம். சம்பந்தியம்மா பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாராம். நாளைக் காலையில் புறப்படுகிறார்களாம்.

தையல்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கத்தரியைக் கையில் பிடித்தபடியே நர்சரிக்கு ஓடினார். அவர் ஓடிவந்த கோலத்தைப் பார்த்து நர்சரிக்காரர் பெஞ்சுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"பேண்ட் நாளைக்கித் தந்தாப் போதும் சார்! அவசரமே இல்ல!"

"செடி வேணும்ங்க. மறுபடியும். எல்லாமே. இந்தத் தடவை காயோட."

"காயோட எங்கிட்ட விக்கிறதுக்கு இல்ல. பின்னால இருக்கிறது எல்லாம் நான் கண்காட்சிக்கு வளர்க்கிறது. வருஷா வருஷம் பரிசு வாங்குற செடிங்க. உயிரே போனாலும் தர மாட்டேன்."

தையல்காரர் கெஞ்சினார். கைராசி கதையைச் சொன்னார். சகலை தோளில் தட்டியதைச் சொன்னார். சொல்லும்போது உண்மையிலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நர்சரிக்காரர் மனம் இளகியது. ஆனால் முழுவதும் இளகவில்லை.

"எனக்குத் தம்பிங்க இருக்காங்க சார். என்னை மாதிரியேதான் இருப்பாங்க. அவங்களுக்கும் பேண்ட் கிடைக்கிறதில்ல."

"எல்லாருக்கும் தைக்கிறேன்!"

"கோட்டும்?"

"கோட்டும்!"

மறுநாள் மதியம் டீச்சர் பெட்டியைக்கூட இறக்கி வைக்காமல் நேராக மாடிக்கு ஏறினார். பின்னால் சகலை. அவருக்குப் பின்னால் தையல்காரரும் மனைவியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். தொட்டிகளை ஏற்றி முடித்துக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. தையல்காரரின் சட்டை முழுக்க மண்.

கதவு திறந்தது. டீச்சர் அப்படியே நின்றுவிட்டார்.

தக்காளிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. கத்தரிக்காய்கள் கண்ணாடி மாதிரி மின்னின. சுரைக்காய் ஒவ்வொன்றும் கைக்குழந்தை கனம். முலாம்பழம் ஒன்று இருந்த இடத்தில் ஒரு குடும்பமே படுத்திருந்தது. எல்லாவற்றிலும் தையல்காரரின் கடை லேபிள்.

டீச்சர் ஒரு தக்காளியைத் தொட்டுப் பார்த்தார். அதன் காம்பில் பச்சை நூல் சுற்றியிருந்தது. பளு தாங்காமல் வழியில் ஒடிந்துவிட்ட சில கிளைகளை மட்டும் தையல்காரர் கட்டி வைத்திருந்தார்.

"இது என்ன தம்பி, நூலு?"

"விழுந்துடக் கூடாதேன்னு அண்ணி."

"ஒவ்வொண்ணையும் கட்டி வச்சீங்களா?" டீச்சருக்குக் குரல் உடைந்தது. கணக்கு டீச்சர் அழுது அந்தக் குடும்பத்தில் யாரும் பார்த்ததில்லை. "பெத்த புள்ளையக்கூட நான் இப்படிப் பாத்துக்கிட்டதில்ல. உங்களைப் போய் என்னென்னவோ சொன்னோமே. மன்னிச்சிடுங்க தம்பி. இனிமே யாராவது உங்களைக் கைராசின்னு கிண்டல் பண்ணட்டும், நான் பேசிக்கிறேன்."

மனைவி புருஷனைப் பார்த்த பார்வையில் கல்யாணமான புதிதில் இருந்த வெளிச்சம் இருந்தது. தையல்காரருக்கு நெஞ்சு விம்மியது. இந்த நிமிஷத்துக்காக ஊர் முழுக்கக் கோட்டுத் தைக்கலாம் என்று தோன்றியது.

"இவ்வளவு காய்க்கும்னு எனக்கே தெரியாமப் போச்சு," டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடியை அளவெடுக்க ஆரம்பித்துவிட்டார். "அந்தத் துணி காயப்போடுற பக்கம் சும்மாதான கிடக்கு? அங்கயும் பந்தல் போட்டுடலாம். கீழ வாசல்ல ரெண்டு பக்கமும் தொட்டி. சுரை மட்டும் இன்னும் நாலு கொடி. என்னங்க, நீங்க கொஞ்சம் சீக்கிரமா எந்திரிக்கணும். பூ ரெண்டு மடங்கா வரும். என்னங்க?"

சகலை தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின்மேல் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது.

தையல்காரருக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை. டீச்சரை ஏமாற்றலாம். இந்த மனிதரை ஏமாற்றலாமா? தன்னை நம்பிய ஒரே ஆள். விடிய விடியப் போன் போட்டு வைத்தியம் சொன்ன ஆள். தன் கையால் வளர்த்த செடிகள் பிழைத்துவிட்டன என்று ஆனந்தக் கண்ணீர் விடுகிற ஆளிடம், அவை குப்பைத் தொட்டிக்குப் போய்விட்டன என்பதை மறைப்பது மகா பாவம் என்று பட்டது. சத்தமில்லாமல் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"சகலை, உங்ககிட்ட மட்டும் மறைக்க முடியல. இதெல்லாம் நம்ம செடி இல்ல. நம்ம செடி எல்லாம் அந்த உரம் போட்ட ரெண்டாம் நாளே செத்துப்போச்சு. அதுக்கப்புறம் வாங்கினதும் கவாத்துல போயிடுச்சு. இது மூணாவது செட்டு. என்னை மன்னிச்சிடுங்க சகலை. நீங்க என்மேல வச்ச நம்பிக்கையக் காப்பாத்தத்தான் இப்படியெல்லாம் பண்ணினேன்."

சகலை முகத்திலிருந்து கையை எடுத்தார். சிவந்த கண்ணால் பந்தலைப் பார்த்தார். டீச்சர் நாலு புதுக்கொடிக்கு இடம் எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். பிறகு தையல்காரரின் மண் படிந்த சட்டைக் காலரை மெல்லப் பிடித்துக்கொண்டார்.

"செத்ததை அப்படியே விட்டுத் தொலைச்சிருக்கக் கூடாதா சகலை? சொந்தத்துல செடி வளர்க்கத் தெரிஞ்சவங்க அத்தனை பேர் இருக்கும்போது, நான் ஒத்தக் கால்ல நின்னு தோட்டத்தை உங்க கையில ஒப்படைச்சது பின்ன எதுக்குன்னு நெனச்சீங்க?"